எடை

நன்கொடைப் பெட்டியில் இம்முறையும்
இடது சப்பாத்துகள் மட்டுமே.
அடியில், ஈரம் குடித்து உப்பிய
ஒரு படப் புத்தகம்.
ஜெர்மன் மொழி. எனக்குப் படங்கள் போதும்.

பதினொரு வருடமாய்க் கால் செய்கிறேன்.
பாரிஸ் சாந்து குழைத்து, வெட்டுண்ட இடத்தில் சுற்றி,
இறுகும்போது எழும் அந்தச் சிறு சூட்டை
உள்ளங்கையில் வாங்கி
"சுடுதோ?" என்று கேட்கிறவன்.
எந்த உடம்பையும்
கீழிருந்துதான் வாசிப்பேன்.

முதற் பக்கங்களில் கிரேக்கத்துப் பையன்கள்.
இடக்கால் ஓரடி முன்னே,
ஆனாலும் பாரம் இரண்டிலும் சமம்.
காலைக் கூட்டத்தில் அதிபருக்குச் சிரிப்பதுபோல்
எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.
ஆண்டு எண்கள் குறைந்துகொண்டே வந்தன,
அவர்கள் வளர வளர.
பிறகு ஒருவன்
எடையை ஒற்றைக் காலுக்கு மாற்றிவிட்டான்.
நடந்தது அவ்வளவுதான்.
அந்தப் பக்கத்து இடுப்பு ஏறிற்று,
தோள் இறங்கிற்று,
சிரிப்பு நின்றுபோயிற்று.
கல் ஏதோ யோசிக்கத் தொடங்கியிருந்தது.
இணைகம்பிகளுக்கு நடுவில்
தொண்டை வறள நான் சொல்வதை
யாரோ உளியால் சொல்லி முடித்திருக்கிறான்.

இன்னொருவன் மல்லன் போல. அவன் கெண்டைக்காலோடு
ஒட்டி நிற்கிறது ஒரு மரக்குற்றி.
காடுமில்லை, கதையுமில்லை, எதற்குக் குற்றி?
தேநீர் ஆறிய பின் பிடிபட்டது:
பளிங்குக் கணுக்கால் இவ்வளவு உடம்பைத் தாங்காது.
முண்டு கொடுத்திருக்கிறார்கள்.
அவன் முகத்தில் அதைப் பற்றிய கூச்சமே இல்லை.

பின்பாதி முழுக்கத் தேவாலயங்கள்.
கூர்வளைவு, கூர்வளைவுக்கு மேல் கூர்வளைவு,
தண்ணீர் துப்பும் பூதங்கள்.
நான் வெளிச்சுவரைப் பார்த்தேன்.
ஊன்றுகோல்கள்!
இரண்டு பக்கமும் வரிசையாய்
அக்குளில் கல் ஊன்றுகோல் கொடுத்து
எழுந்து நிற்கிறது ஒரு பெரிய பிராணி.
பாரம் வெளியே போய்விட்டதால்
சுவருக்கு வேலை இல்லை.
வேலையில்லாச் சுவரைக் கண்ணாடியாக்கிவிட்டார்கள்.
உள்ளே முழந்தாளிட்டவரின் முதுகில்
நீலமும் சிவப்பும் விழ,
வெளியே ஊன்றுகோல் மழையில் நனைகிறது.

உடனே வாயில் ஒரு கசப்பு.
இதே சிலுவையோடு கப்பலேறி வந்தவர்கள்தான்
கோணமலையில் தூண்களை இடித்து உருட்டினார்கள்.
கோட்டை வாசற்கல்லில் இரட்டைக் கயல் இன்னும் இருக்கிறது,
நானூறு வருடமாய்த் தண்ணீர் இல்லாமல்.
மீதிக்குத் தண்ணீர் உண்டு.
பாறையடியில், பல பாகம் கீழே,
சிப்பி ஏறி, சிற்பி விட்ட முகம் மாறிக் கிடக்கிறது.
அந்த வளைவுகளை நான் ரசித்தேனா?
ரசித்தேன்.
கசப்பு போகவில்லை. ரசனையும் போகவில்லை.
இரண்டிலும் கால் வைத்துத்தான் நிற்கிறேன்,
எடை சமமில்லை.

மாலை கடைசி ஆள், பாலையூற்று அமலோற்பவம்.
மா ஆலையிலிருந்து நேரே, புருவத்தில் வெள்ளையோடு.
புத்தகத்தைத் தானே இழுத்துப் புரட்டி
கையிழந்த தேவதையில் நிறுத்தினாள்.
"இவவுக்கு ஏன் ஒருத்தரும் கை செய்து குடுக்கேல்ல?"
தெரியாது என்றேன்.
"நல்லதாப் போச்சு.
கொழுவியிருந்தா கையைத்தான் பாத்திருப்பம்."

தோல் நிற உறையை நீட்டினேன்.
"அது எனக்கோ, பாக்கிற ஆக்களுக்கோ?"
உறை திரும்பப் பெட்டிக்குள் போயிற்று.
கம்பியைப் பிடித்து எழுந்தாள்.
ஒரு கையை விட்டாள். மற்றதையும்.
குடாவிலிருந்து காற்று வந்து
சாந்துத் தூளைக் கிளப்பிற்று.
பாரத்தை மெல்ல
புதுக் காலுக்குத் தள்ளினாள்.
இடுப்பு ஏறிற்று. தோள் இறங்கிற்று.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாய்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு எண்ணும் வரை.

பிறகு முகம் சுளித்து,
"உள்பக்கம் எங்கேயோ கடிக்குது" என்றாள்.

குனிந்தேன்.
திருகாணி அரைச் சுற்று இளக வேண்டியிருந்தது.