கை எண்ணிக்கை

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்
நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானா என்று
குனிந்து பார்த்தார்.
பிறகு விட்டார், மூன்று வண்டியையும்.
கெசியாவுக்கு வயிற்றைப் புரட்டியது.
அவள் மோவாய்க்குக் கீழே
லூலூ பையொன்றை விரித்துப் பிடித்தேன்.

காலை ஏழுக்கே ருவியில் நாற்பத்தொன்று.
ஏற ஏறக் காது அடைத்தது, திறந்தது,
மறுபடி அடைத்தது.
ஜன்னலை இறக்கினால்
யாரோ குளிர்பெட்டியைச் சாத்த மறந்துபோன மாதிரி
ஜெபல் அக்தர்.
பச்சை மலை என்று அர்த்தமாம்.
தேடினோம்.
படிக்கட்டு வயல்களில் ஒரு கீற்று,
மாதுளை இன்னும் பிஞ்சில்.
மற்றதெல்லாம் கல்,
ஸ்கூல் ஷூ தேய்ந்துபோன நிறத்தில்.

ஐம்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று நாள்,
வாடகைக்கு ஒரு விடுதி.
தியோடர் அண்ணன் முதலில் சொன்னது ஜெபமில்லை:
பாட்டு உள்ளே மட்டும். ஜன்னலைச் சாத்துங்கள்.
டிரம்ஸ் இறக்கவே வேண்டாம்.
பரீட்சை ஹாலில்
முன் பெஞ்சிடம் விடை கேட்கும் குரலில்
துதித்தோம்.

சோறு வேகவில்லை.
இந்த உயரத்தில் தண்ணீர் அவசரப்படும், அரிசி அவசரப்படாது.
பத்தாம் வகுப்பில் படித்ததுதான்.
வேதமாணிக்கம் அங்கிள்
கரண்டியும் கையுமாக அரிசிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.
எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ரசத்தை அதிகமாய் ஊற்றிக்கொண்டோம்.

ஐந்தரைக்கு மௌன வேளை.
நாலுக்கே கீழூரின் பாங்கு எழுப்பியிருந்தது.
ஆளுக்கொரு பாறை, ஆளுக்கொரு தாள்.
முதல் கேள்வி: நீ எங்கே இருக்கிறாய்?
ரெசிடென்ட் கார்டின்படி மார்ச் வரைக்கும் இங்கே,
என்று எழுதி அடித்தேன்.
ஒரு பாறைமேல்,
அதையும் அடித்தேன்.
ஓர் ஆடு வந்து
மூன்றாம் கேள்வியையும் நாலாம் கேள்வியையும்
நிதானமாக மென்றது.
ஆடு தின்றுவிட்டது என்று குழுவில் சொன்னேன்.
சிரித்தார்கள்.
பெனாயா மட்டும், என்னுடையதையும் என்றான்.
அவன் இருந்த பக்கம் ஆடே வரவில்லை.

கடைசி இரவு.
கண்களை மூடுங்கள். ஒருவரும் பார்க்கவேண்டாம்.
இது உனக்கும் கர்த்தருக்கும் நடுவில்.
ஒப்புக்கொடுக்கிறவர்கள்
கையை மட்டும் உயர்த்துங்கள்.

நான் பார்த்தேன்.

முதல் கை கெசியா,
போன வருடமும் முதல் கை அவள்தான்.
மருதாணி வெளிறிய ஒரு கை.
வாட்ச் கட்டிய கை.
ஏப்ரலில் அப்பாவுக்கு வேலை போன பெனாயாவின் கை
ஒரேயடியாய் உயரவில்லை,
காதுவரை வந்து நின்று
பிறகு மேலே போனது.
ஒரு கை உயர்ந்து தலையைச் சொறிந்து இறங்கியது,
அதைச் சேர்க்கவில்லை.
வாசலில் ஓட்டுநர் ஹிலால்
இரண்டு கையிலும் தேநீர்த் தட்டு,
மரியாதைக்கு அவரும் கண்ணை மூடியிருந்தார்.
ஒன்பது.

ஸ்தோத்திரம், பதினொன்று என்றார் அண்ணன்.
தொண்டை கரகரத்தது அவருக்கு.

இறங்கும்போது முதல் கியர்,
பிரேக் கருகும் வாசனை.
வளைவுக்கு வளைவு டாஷ்போர்டில் வெயில் கூடியது:
இருபத்தாறு, முப்பது, முப்பத்தைந்து.
பிர்கத் அல் மௌஸ் பேரீச்சைகள் தெரிந்தபோது
நாற்பத்து மூன்று.
நான் வரிசை வரிசையாகத் திரும்ப எண்ணினேன்.
தூணுக்குப் பின்னால் யாராவது?
ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தப் பக்கம்?
அண்ணன் கூட்டிச் சொல்கிற ஆளில்லை,
கணக்கு வாத்தியார்,
அரை மதிப்பெண்ணுக்கு என்னை ஒரு வாரம் அலையவிட்டவர்.

அரைத்தூக்கத்தில் கெசியா கேட்டாள்:
நீ உயர்த்தினாயா?

வலது கையைப் பார்த்தேன்.
மடியில் கிடந்தது,
அவளுக்கான பையைப் பிடித்தபடி.
எண்ணிக்கொண்டிருந்ததில்
அது எங்கே இருந்தது என்று
கவனிக்கவில்லை.

சேர்த்தாலும்
பத்துதான் வருகிறது.