பதினோராவது வரிசை

ஆறு பேர் தேவை.
நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள்.
ரும்பி மாவட்ட மருத்துவமனையின்
பழைய தடுப்பூசிக் கிடங்கில்
ஒரு மேசை, ஐந்து நாற்காலி,
மூலையில்
யாரும் ஏறாமலே நாற்பது கிலோ காட்டும்
எடைக்கருவி.

விளம்பரத்தை நான்தான் எழுதினேன்.
தும்புகா சரளமாகப் பேச வேண்டும்.
மோட்டார் சைக்கிள் உரிமம் வேண்டும்.
மழைக்காலத்தில் மலைக் கிராமங்களில்
இரவு தங்கச் சம்மதிக்க வேண்டும்.
கேட்டதை வெளியே சொல்லாதிருக்க வேண்டும்.
கடைசித் தகுதியைத்தான் முதலில் எழுதினேன்.
அதற்கு எந்தப் பள்ளியும்
சான்றிதழ் தருவதில்லை என்பதால்
கீழே இறக்கினேன்.

வலப்பக்கம் நிதிப் பிரிவு முஹாங்கோ.
வருகிறவர்களிடமெல்லாம் அவருக்கு ஒரே கேள்வி:
பெட்ரோல் ரசீது தொலைந்தால் என்ன செய்வீர்கள்?
இடப்பக்கம் தவோங்கா, வயது பதினாறு.
'இளையோர் பங்கேற்பு' என்று
திட்ட அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது.
அந்தப் பத்தி இப்போது
பள்ளிச் சீருடையில் வந்து உட்கார்ந்து
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

அவள் நடிக்க வேண்டும்:
லொயிஸ் என்றொரு பெண், பதினைந்து வயது,
எட்டாம் வகுப்பு, இரண்டு தம்பிகள்.
பதில்களை அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.
வருகிறவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.
நாங்கள் மதிப்பெண் போடுவோம்.
அவளும்.

முதலில் வந்தவர் பட்டதாரி.
தோள் அகன்ற இரவல் கோட்டு.
'உயிரோடு இருக்க வேண்டாமென்று
எப்போதாவது தோன்றியதுண்டா'
என்பதை வானிலை அறிக்கைபோல
பிசிறில்லாமல் வாசித்தார்.
எட்டு போட்டேன்.

லுசுங்கு அதே கேள்வியில் சிரித்துவிட்டான்.
நான் இரண்டு போட்டேன்.
தவோங்காவின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன்.
ஒன்பது.
'பயத்தில் சிரித்தான். நாங்களும் அப்படித்தான்.'

மதியம் எங்கள் இருவருக்கும்
நிசிமாவும் பீன்ஸும் வந்தன.
பட்ஜெட்டில் இளையோருக்கு
ஒரு குளிர்பானம் என்றிருந்தது.
பாதி குடித்தாள்.
மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தாள்.

பத்தாவதாக சுஸ்கோ.
பேருந்து நிலையத்தில்
ரீசார்ஜ் அட்டை விற்கிறவள்.
துன்பம் என்று பொருளாம் அந்தப் பெயருக்கு.
சொல்லிவிட்டு அவளே
பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தாள்.
உரிமம் இல்லை.
பன்னிரண்டாம் கேள்வி:
நேற்று எத்தனை வேளை சாப்பிட்டாய்?

தவோங்கா சொன்னாள்: ஒரு வேளை.

சுஸ்கோவின் விரல்
டேப்லெட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.
நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்:
"தாளில் இரண்டு என்று இருக்கிறது, தவோங்கா.
பாத்திரத்திலேயே இரு."

இரண்டு, என்றாள்.

காலிப் பாத்திரம்
அவ்வளவு சின்னதாகத்தான் ஒலிக்கும்போல.
முஹாங்கோ தொண்டையைச் செருமினார்.
தகரக் கூரையில் நாலு துளி விழுந்து
மழை மனம் மாறிப் போனது.
சுஸ்கோ இரண்டைத் தட்டவில்லை.
எதை எழுத என்று கேட்டாள்.
என்னை அல்ல.

ஐந்து மணிக்குத் தாள்களை அடுக்கினேன்.
அன்று வந்தது பத்துப் பேர்.
தவோங்காவின் தாளில் பதினொரு வரிசை.
கடைசியில், பென்சிலில்:
ஹரவா அம்மா. மூன்று.
குறிப்பு: 'தாளைப் பார்த்தார்.'

அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.
இருட்டுமுன் ஆற்றைத் தாண்ட வேண்டுமாம்.

சுஸ்கோவின் பெயருக்கு நேரே
'வண்டி நாம் கற்றுக்கொடுக்கலாம்' என்று எழுதினேன்.
குளிர்பானத்தை அடித்து
மதிய உணவு என்று எழுதினேன்.
எந்தக் கணக்கில், என்றார் முஹாங்கோ,
கோபமில்லாமல், உண்மையாகவே தெரியாமல்.

விளக்கை அணைக்கப் போனவள்
எடைக்கருவியில் ஏறி நின்றேன்.
நாற்பதுதான் காட்டியது.