பத்துக்கு எத்தனை

"வலி, பத்துக்கு எத்தனை?"
தோள்பட்டையை அழுத்தியபடி கேட்கிறான் ஐவின்.
தூருன் எண் சொல்வதில்லை.
திங்களன்று பள்ளிக்கூடத்து பிர்ச் மரம்.
நேற்று, மழையில் ஊறிய ஓக்.
அதுவும் ரம்பத்தை இடக்கைக்கு மாற்றிய பின்.

சட்டைக்குள் கை நுழைக்கவே
சுவரில் சாய வேண்டியிருக்கிறது.
பெர்கனில் மழைக்கோட்டு வேறு.

'அண்ணாந்து பார்க்காதே'
என்று எழுதித் தருகிறான்.
மடித்து ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்கிறாள்.

இப்போதெல்லாம் கீழே நின்று
அவளுக்காக அண்ணாந்து பார்ப்பவன் ஒட்வார்.
"வலப்பக்கம் பட்டுப்போன கிளை!
அதுக்கு மேலே கூடு. காலிதான்!"
கயிற்று முடிச்சிலேயே கண்வைத்து ஏறுகிறாள்.

உச்சியில்
கழுத்துக்கு வேலையில்லை.
துறைமுகம், ஓட்டுக்கூரைகள்,
ஒட்வாரின் பிளந்த வாய்,
எல்லாம் கீழே.

இறங்கி வந்தால்
பிடரியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான்.
"எத்தனை?" என்கிறாள்.
"ஒரு சின்ன
ஆப்பிள் மரம்."