என்ற போனை மட்டும் விட்டுருங்க

பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில்
நூல் மில்லுக்குப் பின்னால் விடுதி.
நூற்றிப் பன்னிரண்டு கட்டில், ஒரே வைஃபை.
அதைக் கட்டி மேய்ப்பவள் நான்.
பஞ்சு படாத வேலை என்று சொல்லித்தான்
என்னைப் பெண் கேட்டார்கள்.
சர்வர் விசிறியைக் கழற்றினால் உள்ளே பஞ்சு.

ஆடிக் காற்று ஜன்னலை உலுக்கிய ஒரு திங்கட்கிழமை
மேனேஜர் சென்னியப்பன் வந்து நின்றார்.
"ஏனுங்கம்மிணி, ஆரு எதைப் பாக்கறாங்கன்னு
தெனமும் ஒரு லிஸ்ட் வேணுமுங்க."
எதுக்குங்க?
"ஒளிக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு என்னங்க பயம்?"
கதவு வரை போனவர்
திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்:
"என்ற போனை மட்டும் அதுல சேத்தாதீங்க."

சிரிப்பை டீயோடு விழுங்கினேன்.
அவர் வீட்டில் கேமரா மாட்டப் போயிருக்கிறேன்.
குளியலறைக்கு இரண்டு தாழ்ப்பாள்.

சரி, எடுத்தேன்.
எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று தெரியும்,
உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது.
ஆனால் பாருங்கள், கதவே போதும்.
ராத்திரி இரண்டு மணி, நைட் ஷிப்ட் டீ நேரம்:
ஒரு போன் மகப்பேறு ஆஸ்பத்திரியைத் தட்டுகிறது.
ஒன்று பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போய்
பாட்டு மட்டும் விடியும்வரை விழித்திருக்கிறது.
ஒன்று, பதினாறு நாளாய், பி.எஃப். கணக்கை.
திறந்து, மூடி, திரும்பத் திறந்து.
ஏறாத பணத்தை எத்தனை முறைதான் பார்ப்பது.

மேனேஜரின் விரல் அந்த வரியில் நின்றது.
"இது ஆருங்க?"
பேர் வராதுங்க, எண்தான் வரும்.
அதையும் போனே மாற்றி மாற்றிச் சொல்லும்.
"அதை அணைச்சாத்தான் நெட்டுன்னு
நோட்டீஸ் ஒட்டுங்க."

ஒட்டினேன்.
தமிழில், இந்தியில், ஒடியாவில்.
ஒடியாவை ஒரு செயலி எழுதித் தந்தது.
சரியா என்று சஞ்சுக்தாவிடம் காட்டினேன்.
ஓர் எழுத்தைத் திருத்தினாள்,
எதற்கென்று கேட்கவில்லை.
அவள் உள்ளங்கையில் பேனா மையில் பன்னிரண்டு இலக்கம்,
வேர்வையில் கடைசி இரண்டு கலங்கியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி எங்கள் ஊட்டில்
கறிக்கோழி விலை சொல்லும் செயலி
என் மைக்கைக் கேட்டது.
கோழி கிலோ எவ்வளவு என்று சொல்ல
நான் பேசுவது எதற்கு?
'அனுமதி'யை அழுத்தப் போன கட்டைவிரல்
பாதியில் நின்றது.
குழம்பு தீய்கிறதே என்கிற அவசரத்தில்
இத்தனை வருசம் எத்தனை பேரை
உள்ளே விட்டிருக்கிறேனோ.

காலையில் முதல் வேலையாக
பதிவு வைக்கும் காலம்: தொண்ணூறு நாள்
என்றிருந்ததை
ஆறு மணி நேரம் ஆக்கினேன்.
ராத்திரி இரண்டு மணி எட்டுக்கெல்லாம் அழிந்துவிடும்.
மேனேஜர் ஒன்பதரைக்குத்தான் வருவார்.

"என்னங்கம்மிணி, வெறுசா இருக்குது?"
டிஸ்க் பத்தலீங்க. புதுசுக்கு இருபத்திரண்டாயிரம்,
இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா...
"பொறவு பாக்கலாமுங்க."

எந்தச் சட்டமும் காக்காத அந்தப் பிள்ளையை
இப்போதைக்கு இவர் சிக்கனம் காக்கிறது.
எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.
நோட்டீஸ் இன்னும் சுவரில் இருக்கிறது.
காற்றில் ஒரு மூலை பெயர்ந்து அடித்துக்கொள்கிறது.
கீழே மூன்று மொழியிலும்
என் கையெழுத்து.