கழுத்துக்கு மேலே

முப்பத்தெட்டு டிகிரித் தொட்டி ஒன்று இருக்கிறது,
நாற்பத்திரண்டு ஒன்று.
நாங்கள் நாற்பத்திரண்டு.
முப்பத்தெட்டில் கிடப்பவர்களுக்கு
வானிலையைத் தவிரப் பேச்சு வராது என்பது
எங்கள் தரப்புக் குற்றச்சாட்டு.

காலை ஆறரை. அக்குரெய்ரியில் விடிய இன்னும் நாலு மணி நேரம்.
காற்றில் மைனஸ் ஒன்பது.
ஈரத் தலைமயிர் விறைத்துக் குச்சி குச்சியாய் நிற்கிறது.
ஆவிக்குள் ஐந்து தலைகள்.
ஆறு வருஷமாய் எனக்குத் தெரிந்தது
இந்தத் தலைகள்தான்.
கழுத்துக்குக் கீழே யார் எவரோ.

பெர்க்லியோட் பேருந்து ஓட்டுகிறாள்.
"நேற்றுக் கடைசி வண்டியில் ஒரே ஆள்.
தூங்கிக்கொண்டே இரண்டு சுற்று வந்தான்.
எழுப்ப மனசு வரலை,
மூன்றாவது சுற்றும் போனேன்."

காசிமிருக்கு மீன் ஆலை.
"பதினெட்டு வருஷம் மீனைப் பார்த்தேன்.
இப்போ மீனைப் பார்க்கிற மெஷினைப் பார்க்கிறேன்.
அடுத்த வருஷம் என்னைப் பார்க்க ஒன்று வாங்குவார்கள்."
நாங்கள் சிரித்தோம்.
ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஹல்கிரீமுர்
சிரிக்கும் வாய்களை ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தார்.
பழக்கம் விடுமா?

என்னைக் கேட்டபோது
எழுத்து வேலை என்று சொல்லி வைத்திருந்தேன்.
பொய்யில்லை. நகரசபையில் கணக்கு எழுதுகிறேன்.
இந்த ஊரில் இரண்டில் ஒருவர் புத்தகம் போடுகிறவர்,
அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.
"புத்தகம் எப்போ?"
"டிசம்பர்" என்றேன்.
எந்த டிசம்பர் என்று அவர்களும் கேட்கவில்லை.

பிறகு சாப்பாடு.
புளிக்க வைத்த திருக்கை மீன். கண்டம் கண்டமாய் நாறும்,
மாடியில் வேகவைத்தால்
கீழ்வீட்டுக்காரன் ஊரை விட்டே போவான்.
தோர்கெர்தூருக்கு அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை.
"அதைத் தின்கிறவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததுதான் தப்பு"
என்றான் காசிமிர்.
அந்த வாசலில் அரசியல் நுழைந்தது.

குளம் இனி எட்டு மணிக்குத்தான் திறக்குமாம்.
சிக்கனமாம்.
"தண்ணீரைப் பூமி காய்ச்சித் தருது,
இதில் இவனுங்களுக்கு என்ன செலவு?"
"எந்த மடையன் போட்ட கணக்கு?"

பக்கம் பதினொன்று, அட்டவணை நான்கு.
நான் போட்ட கணக்கு.
காலைப் பணியாள் கூலி, தலைக்கு இவ்வளவு.
எண்ணிய தலைகளில் இந்த ஐந்தும் அடக்கம்.
ஒன்று என்னுடையது.

"மடையன்தான்" என்றேன் நானும்,
எல்லாரையும்விடச் சத்தமாக.

சனிக்கிழமை கடையில்
வெண்ணெய் விலையோடு சண்டை பிடிக்கும் ஒரு குரல்.
தொப்பி, மேலங்கி, பூட்ஸ்.
இத்தனை உடம்பு இவளுக்கு இருந்ததா?
அவளும் கண்ணை இடுக்கினாள்.
ஆவி இல்லாமல் ஆள் பிடிபடவில்லை போல.
பிறகு, "அட, நாற்பத்திரண்டு!"

சிரித்தோம்.
தோர்கெர்தூரின் பார்வை
என் கழுத்துக்குக் கீழே இறங்கி
கழற்ற மறந்த அடையாள அட்டையில் நின்றது.
பெயர், படம்,
நகரசபை நிதிப் பிரிவு.
வெண்ணெயைக் கூடையில் போட்டுக்கொண்டு
வரிசைக்குப் போய்விட்டாள்.

திங்கள். ஆறரை.
காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என யோசித்து,
படுக்காமல் போனேன்.
பேச்சு அட்டவணை நான்கிலேயே நின்றிருந்தது.
மடையன் இப்போது
திருடன் ஆகியிருந்தான்.

"விடுங்கப்பா" என்றாள் தோர்கெர்தூர்.
"யாரோ எழுத்து வேலைக்காரன். பிழைப்பு.
நம்ம ஆள் இருக்காரே,
திறப்பை ஆறரைக்கே வைக்கச் சொல்லி
நல்லதாய் ஒரு மனு எழுதித் தருவார்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.
தண்ணீருக்கடியில் ஒரு குதிகால்
என் முழங்காலில் பலமாய் இடித்தது.
யாருடையது என்று
மேலிருந்து பார்த்தால் தெரியாது.

எழுதுகிறேன் என்றேன்.
எதை மறுத்து எழுத வேண்டுமென்று
என்னைவிட யாருக்குத் தெரியும்.

காசிமிர் அதற்குள்
வறுத்த வெங்காயத்துக்குப் போய்விட்டான்,
துறைமுகக் கடையில் இப்போதெல்லாம்
அளந்து போடுகிறார்களாம்.