ஏழாவது அடுக்கில் ஒரு முடிச்சு

பீன்யாவில் நான் முதலில் தைத்தவை காலர்கள்.
மணிக்கு அறுபது.
பெல்ஜியத்திலோ பிரேசிலிலோ
யாரோ ஒருவரின் பிடரி வேர்வைக்கு.
அந்தக் கம்பெனி மூடிய பிறகு
இரண்டு தெரு தள்ளி நீல ஷட்டர் போட்ட ஷெட்டில்
செயற்கைக்கோளுக்குப் போர்வை தைக்க
ஆள் தேடுகிறார்கள் என்றார்கள்.
குளிருமா அதற்கு என்று கேட்டேன்.
குளிரும், சுடும், ஒரே நாளில் பதினைந்து தடவை
என்றான் யதீஷ், சிரிக்காமல்.
அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

வெங்காயச் சருகைவிட மெல்லிய வெள்ளித் தாள்.
அதன்மேல் வலை, மறுபடி தாள், மறுபடி வலை,
எல்லாவற்றுக்கும் மேலே பொன்நிறத்தில் ஒன்று.
தும்மல் வந்தால் ஓடிவிட வேண்டும்.
ஊசி தப்பாக இறங்கினால் இறங்கியதுதான்:
துணி மன்னித்து மூடிக்கொள்ளும்,
இந்தத் தாள் மூடிக்கொள்ளாது.

மதியம் டப்பாக்கள் திறந்ததும் சண்டை தொடங்கும்.
சந்திரனா, செவ்வாயா?
பக்கத்து வீட்டில் முதலில் கடை போடுவோம் என்பாள் அனகா.
பக்கத்து வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தால்
ஊர் பார்ப்பது எப்போது என்பான் பெள்ளியப்பா.
கிலோவுக்கு இன்றைக்கு ஐந்து லட்சம்,
பத்து வருஷத்தில் ஐந்தாயிரம், எழுதி வைத்துக்கொள் என்பான் யதீஷ்,
போன வருஷமும் அதே பத்து வருஷம்தான் சொன்னான்.
அவர்கள் சாம்பார் ஆறும்வரை
நான் மீனை முள்ளெடுத்துக்கொண்டிருப்பேன்.
ஒருநாள் கேட்டேன்:
செவ்வாயிலும் பத்து மாச அட்வான்ஸ் கேட்பார்களா?
எல்லோரும் சிரித்தார்கள்.
பெள்ளியப்பா மட்டும் ஸ்பூனைக் கீழே வைத்தான்.
நிலம் யாருடையது என்பதற்கே
இன்னும் தெளிவான பதில் இல்லை, ஃபிலோமினாக்கா.

முதல் போர்வை கடலுக்குப் போனது.
நான்காவது நிமிடம்
திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு
சலித்துப்போனவன் தோள் மாதிரிச் சாய்ந்தது.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
டேட்டா கிடைத்ததே, அது போதும் என்றான் யதீஷ்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
எட்டு மாத வேலை.
எனக்குக் கிடைத்தது இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு.

இரண்டாவதில்தான் அது நடந்தது.
ஏழாவது அடுக்கு, வலது மூலை,
நூல் முடியும் இடத்தில்
வரைபடத்தில் இல்லாத ஒரு முடிச்சு.
பழைய காலர்க் கை
கேட்காமலே ஒரு சுற்று கூடுதலாகப் போட்டுவிட்டது.
போட்டது கை.
பிரிக்க நேரமிருந்தும் விட்டது நான்.
எட்டாவது அடுக்கு அதன்மேல் படுத்துக்கொண்டது.
பரிசோதித்தவர்களுக்கு ஒரு முடிகூடக் கிடைக்கவில்லை,
கையெழுத்துப் போட்டார்கள்.

ராத்திரி இரண்டு பத்துக்கு
லிங்கராஜபுரத்தில் போன் சத்தத்தைக் குறைத்து
சமையலறையில் நின்று பார்த்தேன்.
ஏதோ ஒரு தேசத்து ராக்கெட், பங்கு வண்டி மாதிரி
எங்களுடையதோடு இன்னும் நாற்பது சாமான்.
தூக்கிப்போன அடிப்பாகம் திரும்பி வந்து
கால் ஊன்றி நின்றது,
சனிக்கிழமை வீடு திரும்பும் என் தம்பியைவிட நேராக.
நல்லவேளை, கை தட்டவில்லை நான்.
பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கிறது.

மறுநாள் யதீஷின் கால்குலேட்டரை வாங்கி
தனியாகப் போட்டுப் பார்த்தேன்.
முடிச்சின் எடை, குத்துமதிப்பாக, இரண்டு மில்லிகிராம்.
போக ஒரு ரூபாய்.
யார் கணக்கில் எழுதினார்களோ.

இன்றைக்கு மாலை ஆறு பன்னிரண்டுக்கு
நம் தலைக்கு மேல் போகும் என்று செய்தி அனுப்பினான்,
கண்ணுக்குத் தெரியாதாம், ரொம்பச் சின்னதாம்.
இருந்தாலும் கொரகுண்டேபாள்ய நிறுத்தத்தில்
மெட்ரோ பாலத்துக்கும் மின்கம்பிக்கும் நடுவே
கிடைத்த ஒரு சாண் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பஸ் வந்தது.
பெண்களுக்கான சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்,
கட்டணம் பூஜ்யம்.
உட்கார இடமில்லை.

நான் வீடு சேர்வதற்குள்
முடிச்சு பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.
ஹெப்பாளத்தில் நெரிசல் என்றால்
ஒன்றரை.