பதினோராம் சுருள்

எரிந்த மோட்டார்களுக்கு மறுபடி கம்பி சுற்றுவது
என் பிழைப்பு. டர்பன், ஜேக்கப்ஸ் பக்கம்;
சுத்திகரிப்பு ஆலையின் வாடை தேநீரிலும் மிதக்கும்.
கரும்பாலைப் பம்பு, மீன்கிடங்கு விசிறி,
எது வந்தாலும் மூக்கு முதலில் சொல்லிவிடும்
எத்தனை சுற்று கருகியிருக்கிறதென்று.

கெருஷா படையாச்சி பல்கலைக்கழகத்திலிருந்து
சுருட்டிய வரைபடத்தோடு வந்தாள்.
பதினாறு செப்புச் சுருள்கள்,
அரை மில்லிமீட்டர்கூடப் பிசகக் கூடாது.
நடுவில் வளையமாக ஒரு வெற்றிடம்.
"வடை மாதிரி" என்றேன்.
"எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்" என்றாள்.
சிரிக்கவில்லை.

சூரியன் இல்லையாம் இது,
சூரியனுக்கு ஒத்திகையாம்.
சுவர் உருகிவிடாதா?
"சுவர் தாங்கிக்கொள்ளும். நெருப்புதான் தாங்காது.
தொட்டால் அணைந்துபோகும்.
யாரும் தொடாமல் அதைப் பிடித்துவைக்க வேண்டும்,
அதற்குத்தான் உங்கள் சுருள்."

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
புனித வெள்ளிதோறும் அம்மன் கோயில் குழியில்
பதினான்கு வருடம் மிதித்தவன் நான்.
நெருப்புக்குப் பயப்படத் தெரியும்,
நெருப்புக்காகப் பயப்படத் தெரியாது.
காந்துவது என்றால் எரிவது, காந்தம் என்றால் இழுப்பது:
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழந்தேன்.
அந்த மதிப்பெண்ணை இப்போது திருப்பிக் கேட்கலாம்.

சிபுசிசோ எண்ண, நான் வளைக்க,
கண்ணாடியிழை நாடா, வார்னிஷ், அடுப்பு.
வேக எட்டு மணி நேரம்.
பதினோராவது பாதி வெந்திருந்தபோது
ஆறாம் கட்ட லோட் ஷெடிங்.
பிறகு சூடேற்றினோம். விரலால் அழுத்தினேன்,
கல் போல இருந்தது, கிட்டத்தட்ட.
அந்தக் கிட்டத்தட்டவை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

மின்சாரம் இருந்த ஓரிரவில்,
எட்டுக்கும் பத்துக்கும் நடுவே,
மின்தேக்கிகள் முனகி நிறைந்தன.
சன்னல் என்று அவர்கள் சொல்லும் ஓட்டையில்
நாவற்பழம் நசுக்கிய நிறத்தில் ஒரு வெட்டு.
இமைப்பதற்குள் முடிந்தது.
ஏழு மில்லிசெகண்ட்.
அடுத்ததும் ஏழு. பிறகு நாலு. பிறகு மூன்று.
திரையில் அந்தக் கோடு ஒரே பக்கம் சாய்ந்து
சுவரைத் தொட்டுச் செத்தது.

மாணவர்கள் காற்றுக்கசிவு என்றார்கள்,
நிரலில் பிழை என்றார்கள்,
ஒரு பையன் நிலாவைக்கூடச் சந்தேகித்தான்.
"பதினோராவது" என்றேன்.
"மின்சாரம் பாயும்போது நெளிகிறது. என் வேலை."
கெருஷா கோபிக்கவில்லை.
"எப்போதிலிருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.
திட்டியிருக்கலாம்.

வீடு திரும்பும்போது பத்து தாண்டியிருந்தது,
ஊர் இருண்டிருந்தது.
அம்பிலோ சாலைச் சந்திப்பில் ரோபோக்கள்
மூன்று கண்ணும் அவிந்து நின்றன.
நாலு பக்கமும் வண்டிகள்:
பாட்டு அலறும் மினிபஸ் டாக்ஸி, பால் லாரி,
ஒற்றை விளக்கோடு ஒரு பழைய டொயோட்டா,
அப்புறம் நான்,
பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்த
பதினோராம் சுருள்.
போலீஸ் இல்லை. சாலையில் கோடும் இல்லை.
ஒன்று நகர, இன்னொன்று பொறுக்க,
விளக்கைச் சிமிட்டி "நீ போ" என்க,
ஒன்றையொன்று உரசாமல்
நகர்ந்துகொண்டே இருந்தது அந்த இருட்டு.

என் முறை வந்தது.
பின்னால் நின்றவன் ஹாரன் அடிக்கும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தேன்.